முற்றத்தில் எந்த மல்லிகை?



மல்லிகை இல்லாத வீடு நம் சமுதாயத்தில் அரிது. கிணற்றடியில் ஒன்று, மாடிப்படியின் ஓரத்தில் ஒன்று, அதற்கும் இடமில்லையெனில் உடைந்த குடத்தில் ஒன்று என எங்கேனும் ஒரு மூலையில் அது நின்றுகொண்டிருக்கும். ஆனால் அச்செடியிலிருந்து ஆண்டில் எத்தனை நாள் பூப் பறிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கோடையில் கொஞ்சம் பூத்தது, பிறகு வெறும் இலைதான்" என்பதே பெரும்பாலான இல்லங்களில் கிடைக்கும் விடை. மார்கழி, தை மாதங்களில் அதே வீட்டார் கடைத்தெருவில் முழம் என்ன விலை என்று கேட்டுவிட்டு, வாய் பேசாமல் திரும்பிவிடுகின்றனர். அம்மாதங்களில் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. நான்கு பெண்மக்கள் உள்ள வீட்டில் ஒரு திருமணத்திற்குப் புறப்படும் நாளில் பூவுக்கென்று எவ்வளவு எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

இதற்குச் செடியைக் குறை கூறிப் பயனில்லை. நாம் மல்லிகை என்று ஒரே பெயரால் அழைப்பது ஒரே செடி அன்று. குண்டுமல்லி, முல்லை, பிச்சி எனப்படும் ஜாதிமல்லி, காக்கட்டான் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றும் பூக்கும் பருவம் வேறு. வெட்டிவிட வேண்டிய மாதமும் வேறு. எது நம் வீட்டில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். பவளமல்லியையும் மரமல்லியையும் இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. பெயரில் மல்லி இருப்பினும் அவை மல்லிகை இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

உதகை மலர்க்காட்சிக்குச் சென்று வருவோர், அங்கு டேலியா தட்டகலத்திற்குப் பூத்து நிற்பதைக் கண்டு மயங்கி, அதன் கிழங்கை வாங்கி வருவதுண்டு. டேலியா மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியில் தோன்றியது, குளிர்ச்சியை நாடுவது. நம் சமவெளியில் ஐப்பசியில் வைத்தால் தை, மாசியில் பூக்கும். சித்திரை வெயிலுக்கு அது நில்லாது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் மணமும் இல்லை, சரமாகத் தொடுக்கவும் இயலாது. ஒரு குளிர்காலத்து விருந்தாளியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டெல்லாம் வீட்டில் இருக்க வேண்டியது மல்லிகையே.

இலையைப் பாருங்கள்

பூவில்லாத காலத்தில் நாற்று வாங்குகிறோம். அப்போது விற்பவரின் சொல்லைத் தவிர நமக்கு வேறு சாட்சி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுக்கடையில் குண்டுமல்லி என்று கூறி எங்களுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று நாற்றுகளில் இரண்டு, ஓராண்டு கழித்துக் காக்கட்டானாகப் பூத்து நின்றன. இலையைப் பார்த்தால் இவ்வாறு ஏமாற வேண்டியதில்லை.

குண்டுமல்லியின் இலை தனி இலை. அகன்று, முட்டை வடிவில், பளபளப்பாக இருக்கும். நரம்புகள் நன்கு எடுத்துத் தெரியும். காக்கட்டானுக்கும் தனி இலைதான். ஆனால் அதில் பளபளப்பு இராது. இளந்தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர் படர்ந்திருப்பதை விரலால் தடவினாலே உணரலாம். முல்லையின் இலைக்காம்பை உற்று நோக்குங்கள். பெரிய இலை ஒன்று இருக்க, அதன் அடியில் இருபுறமும் காது போல் இரண்டு சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரான 'ஆரிக்குலேட்டம்' என்பதன் பொருளே 'காதுடையது' என்பதுதான். பிச்சியை அறிவது இன்னும் எளிது. ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருபுறமும் அடுக்கிவர, நுனியில் ஒன்று நீண்டு நிற்கும். இந்த நான்கு அடையாளங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாற்றுக்கடைக்குச் சென்றால் போதும்.

பூவாலும் மணத்தாலும் ஒப்பிட்டால்

குண்டுமல்லியின் மொட்டு திரண்டு உருண்டது, காம்புக்குழல் குட்டையானது, மணம் நால்வரிலும் கனமானது. மாசி இறுதியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்தை அடைந்து, ஆவணிக்குப் பின் படிப்படியாகக் குறையும். மார்கழியில் இச்செடியிடம் பூக் கேட்பது வீண். தமிழகத்தில் பெரிதும் நடப்படுவது இராமநாதபுரம் குண்டுமல்லி. இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள தங்கச்சிமடம் வட்டாரத்தில் உருவாக்கப்படும் நாற்றுகளே பல மாவட்டங்களுக்கும் செல்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம்தான். மண்ணும் பக்குவமும் சேர்ந்து அதற்கு அப்பெயரை ஈட்டித் தந்தன. இதழ்கள் பல அடுக்காக வரும் அடுக்குமல்லியும் இருவாட்சியும் குண்டுமல்லியின் வகைகளே. தனிப்பூவாகக் காண அவை பேரழகு. எனினும் சரத்திற்கு வேண்டிய எண்ணிக்கையில் அவை பூப்பதில்லை என்பதால், ஒரே செடிக்குத்தான் இடமுண்டு என்போருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முல்லையின் மொட்டு மெலிந்து கூர்மையானது. மணம் மென்மையானது, கனத்த வாசனையால் தலைவலி காணும் பெண்மணிகளுக்கு உகந்தது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை விட்டுவிட்டுப் பூக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2 முல்லைக்குக் காம்புக்குழல் நீளம் என்பதால் தொடுப்பது எளிது. முல்லையைப் பிடிக்கும் ஒரு கேடு உண்டு. பூ வரவேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் இலை போன்ற கொத்து கிளம்பும்; செடி ஏதோ செழித்திருப்பதாக எண்ணி நாம் மகிழ்ந்திருப்போம். அக்கேட்டையும் இவ்வகை ஓரளவு தாங்குகிறது.

பிச்சிக்கு மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும். ஆனி தொடங்கிக் கார்த்திகை வரை பூக்கும். குண்டுமல்லி ஓயும் காலத்தில் கைகொடுப்பது என்பதே இதன் பெரும் சிறப்பு. இதழ் மெல்லியதாகையால் விரைவில் வாடும். காலையில் பறித்ததை அன்றே சூடிவிட வேண்டும். ஆனால் மணத்தில் இதற்கு நிகர் சொல்வது கடினம். பிரான்சு நாட்டின் கிராஸ் நகரில் நறுமணத் தொழிலுக்கென வளர்க்கப்பட்டுவரும் மல்லிகை, நம் கொல்லைப்புறத்துப் பிச்சியின் இனமேயாகும். கன்னோசி அத்தர்க் குப்பிகளில் 'சமேலி' என்று எழுதியிருந்தால் அது பிச்சி. 'மோதியா' என்றிருந்தால் அது குண்டுமல்லி. மதுசாரம் கலவாத அத்தரைத் தேடி வாங்கும் நம்மவர்களில் பலர், இவ்விரண்டும் தம் வீட்டு வேலியில் நிற்பதை அறியாமலேயே விலை கொடுக்கின்றனர்!

காக்கட்டானுக்கு மணம் இல்லை என்றே கூறிவிடலாம். ஆயினும் அதை இகழ வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை, மற்றவற்றில் பூ குறையும் குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாக வெண்மையாய்ப் பூப்பது அது. கடையில் குளிர்காலத்துச் சரங்களில் நாலில் மூன்று பங்கு காக்கட்டானும், நடுநடுவே மணத்திற்கென்று ஒன்றிரண்டு மல்லியும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அண்மை ஆண்டுகளில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நட்சத்திர மல்லிகை என்ற வேறோர் இனத்திலிருந்து கோ 1 என்னும் வகையை வெளியிட்டுள்ளது. மணமும் உண்டு, ஆண்டு முழுவதும் பூக்கவும் செய்யும் என்பதால் காக்கட்டானின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது.

நிற்க. அரபு கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் பெண்மக்களுக்கு ஆசையோடு சூட்டும் யாஸ்மின் என்ற பெயர், பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் சென்றது. ஆனால் குண்டுமல்லியை அரபுகள் 'ஃபுல்' என்றே அழைக்கின்றனர். 'லாம்' என்ற எழுத்து இரட்டித்து வரவேண்டும். 'ஃபூல்' என்று நீட்டிவிட்டால் அது காலைச் சிற்றுண்டிக்குரிய அவரை வகையாகிவிடும். சவூதியின் ஜீஸான் பகுதியிலும் யமன் நாட்டிலும் திருமணங்களில் ஃபுல் சரங்கள் இல்லாமல் இராது. அங்கெல்லாம் வேலைக்குச் சென்ற நம் சகோதரர்கள் அதைக் கண்டிருப்பர். குண்டுமல்லியின் தாவரவியல் பெயரில் வரும் 'சம்பாக்' என்பதும், 'ஸன்பக்' என்ற அரபுச் சொல்லின் திரிபேயாகும். இன்றைய அரபியில் ஸன்பக் என்றால் லில்லி. ஆனால் அன்று அச்சொல் மல்லிகை எண்ணெயைக் குறித்தது. பிலிப்பைன்ஸ் நாடு 1934-இலும் இந்தோனேசியா 1990-இலும் இதே குண்டுமல்லியைத் தேசிய மலராக அறிவித்தன.

வெட்ட அஞ்சாதீர்கள்

வீட்டு மல்லிகை பூக்காமைக்கு முதற்காரணம் நிழல். இரண்டாவது, அதை ஒருபோதும் வெட்டாமை. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் படாத இடத்தில் மல்லிகை இலையை மட்டுமே தரும். மாமரத்தடியில் நிற்கும் செடிக்கு எவ்வளவு எரு இட்டாலும் பயனில்லை. அதை இடம் மாற்றுவதொன்றே வழி.

கவாத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மல்லிகை புதிதாகக் கிளைக்கும் இளந்தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். பழைய, முற்றிய கிளையில் அரும்பு வருவதில்லை. ஆகவே பழங்கிளை அப்படியே இருக்க, செடி மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போனால், பூ கைக்கெட்டாத உயரத்தில் ஒன்றிரண்டாக நிற்கும். ஆண்டுக்கொரு முறை, தரையிலிருந்து முழங்கால் உயரத்திற்கு, அதாவது 45 முதல் 50 சென்டிமீட்டர் விட்டு, மேலே உள்ள அனைத்தையும் வெட்டிவிட வேண்டும். குண்டுமல்லிக்கு நவம்பர் இறுதி வாரம். பிச்சிக்கு டிசம்பர் இறுதி வாரம். முல்லைக்கு சனவரி இறுதி வாரம். இந்த மூன்று தேதிகளையும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெட்டியபின் காய்ந்த குச்சி, நோயுற்ற கிளை, எஞ்சிய இலை ஆகியவற்றையும் நீக்கி, தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்குப் பத்துக் கிலோ வீதம் மட்கிய தொழுவுரம் இட்டு, அதன்பின் நீர் விடலாம்.

பச்சைச் செடியை இப்படி மொட்டையடிக்க வீட்டுப் பெரியவர்கள் மனம் ஒப்புவதில்லை. எங்கள் மதரஸாவின் பின்புறம் நிற்கும் இரண்டு குண்டுமல்லிகளுள் ஒன்றை மட்டும் வெட்ட இசைந்தார் அங்குள்ள பெரியவர் ஒருவர். "மற்றதை விட்டுவிடுங்கள், ஹஜ்ரத். இரண்டும் பட்டுப்போனால் பிள்ளைகள் ஏங்கிவிடுவார்கள்" என்றார். பங்குனியில் வெட்டிய செடியைச் சுற்றி மாணவியர் கூட்டம். வெட்டாத செடியில் உச்சாணியில் ஏழெட்டுப் பூ. அடுத்த கார்த்திகையில் கத்தரிக்கோலை எடுத்து வந்தவர் அப்பெரியவரே.

எங்கள் பகுதியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நவம்பர் இறுதி வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் அழுகல் ஏறும். மழை இரண்டு நாள் ஓய்ந்து வெயில் காணும்வரை பொறுத்திருங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் நட்டமில்லை.

ஏரிக்கரை மண்ணில்

உத்திரமேரூரில் வசிப்பவன் என்ற முறையில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று கூறாமல் இருக்க முடியவில்லை. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த முப்பது பேர் என்ன செய்தனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 12 பேர் ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம்! தோட்டத்தைக் கவனிக்க ஏரிக்கு இட்டதைப் போல் இருமடங்கு ஆட்களை இட்டிருக்கின்றனர். அன்றைய ஊரார் தோட்டத்தை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏரிப் பாசனத்தால் எங்கள் மண்ணில் பல இடங்களில் களி மிகுதி. மல்லிகைக்கு வேண்டியது நீர் வடியும் செம்மண் கலந்த வண்டல். களிமண் வீட்டாரும் மனம் தளரவேண்டாம். முழங்கை ஆழ, அகலக் குழி எடுத்து, தோண்டிய மண்ணுடன் மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, தரைமட்டத்திற்கு மேல் அரை அடி மேடாக அமைத்து அதன் மேல் நடுங்கள். ஆடியிலோ ஆவணியிலோ நட்டுவிட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செடிக்குச் செடி நான்கடி இடைவெளி வேண்டும். ஆட்டெரு கிடைக்கும் வீட்டில் அதையே இடலாம். ஆனால் பச்சையாக இடாமல் சில மாதம் மட்கவிட்டு இடவேண்டும். நவம்பர் கவாத்தின்போது ஒரு முறை, சூன், சூலையில் மறுமுறை என ஆண்டுக்கு இருமுறை உரமிட்டால் போதும்.

நீரைப் பற்றிய கவலை வேண்டாம். உளூச் செய்யும் நீரில் சோப்பு கலப்பதில்லை. அந்நீர் சாக்கடைக்குப் போகாமல் ஒரு சிறு வாய்க்கால் வழியே செடியடிக்குச் செல்லுமாறு அமைத்துவிட்டால், ஐவேளைத் தொழுகையுள்ள வீட்டில் இரண்டு மூன்று மல்லிகைக்கு வேறு நீர் தேவைப்படாது. ஒரே செடிக்கு நாளெல்லாம் ஓடிக் குட்டையாகத் தேங்கவும் கூடாது. வாய்க்காலை மாற்றி மாற்றி விடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் பாயும் இடங்களில் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச் சத்துக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒரு முறை இலையில் தெளித்தால் தேறிவிடும்.

பெருநாளும் பூவும்

இனி, நம் இல்லங்களுக்கே உரிய ஒரு கணக்கு. மல்லிகை சூரியனின் பருவத்தைப் பின்பற்றுகிறது. நம் பெருநாட்களோ பிறையைப் பின்பற்றுகின்றன. பிறை ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. 2025-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. குண்டுமல்லி அப்போது பூத்துக் குலுங்கும். 2030-இல் அது பிப்ரவரித் தொடக்கத்தில் வரும். 2033-இல் சனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் பிற்பகுதியில் மறுமுறையுமாக அவ்வாண்டு இரண்டு நோன்புப் பெருநாட்கள். ஓரிரு நாள் முன்பின் ஆவது பிறையைப் பொறுத்தது. ஆக, வரும் ஆண்டுகளில் பெருநாள் நேராக மல்லிகையின் ஓய்வுக் காலத்திற்குள் செல்கிறது. குண்டுமல்லி ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டில் பெருநாள் காலையில் பூ இராது. கடையில் விலையோ முன்னர்ச் சொன்னதுதான்.

ஆகவே மூன்று செடிக்கு இடமிருந்தால் மூன்று குண்டுமல்லியை நடாதீர்கள். குண்டுமல்லி ஒன்று, பிச்சி ஒன்று, மூன்றாவதாக நட்சத்திர மல்லிகையோ அது கிடைக்காவிடில் காக்கட்டானோ ஒன்று. நான்காவதற்கும் இடமுண்டெனில் முல்லை. மாடியில் தொட்டிதான் என்போர் ஒன்றரை அடி வாயகன்ற தொட்டியில் குண்டுமல்லியை வைக்கலாம். பிச்சி படர்வது என்பதால் தொட்டிக்கு ஏற்றதன்று.

பறிப்பதற்கு உரிய நேரம் ஃபஜ்ருத் தொழுகை முடிந்த பின், வெயில் ஏறுவதற்கு முன். நன்கு பருத்து வெளுத்த, ஆனால் விரியாத மொட்டையே பறிக்க வேண்டும். ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் மக்ரிபுக்குச் சற்று முன்பின் தானே விரியும். சிறுமியர் பச்சை அரும்பையும் சேர்த்துப் பறித்துவிடுகின்றனர். அது விரியாமலே கருகிவிடும்.

பூச்சிகளில் நமக்குத் தொல்லை தருபவை இரண்டு. மொட்டைத் துளைத்து உள்ளே புகும் மொட்டுப்புழு ஒன்று. மொட்டை ஊதா நிறமாக்கி உதிரச் செய்யும் ஈ வகை மற்றொன்று. தலையில் சூடும் பூ, குழந்தை முகத்தருகே வரும் பூ என்பதை எண்ணி, கடை மருந்தை வாங்கி அடிக்க விரையாதீர்கள். துளையுள்ள மொட்டையும் நிறம் மாறிய மொட்டையும் நாள்தோறும் பொறுக்கி எரித்து, உதிர்ந்த பூவைத் தூரில் கிடக்கவிடாமல் பெருக்கினாலே பாதி குறையும். மீதிக்கு வேப்பங்கொட்டை போதும். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து, பூப் பறித்த நாளின் மாலையில் அஸருக்குப் பின் தெளியுங்கள்.

நாற்றை விலைக்கு வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. குண்டுமல்லி நம் ஊர்களில் விதை பிடிப்பது மிக அரிது. ஒரு செடியின் கிளையிலிருந்தே மறுசெடி உண்டாகிறது. உறவினர் வீட்டில் நன்கு பூக்கும் செடி இருந்தால், ஆடி மாதத்தில் அதன் அடியிலுள்ள ஓராண்டுக் கிளை ஒன்றை வளைத்து, கணுவின் கீழ்ப்புறத்தில் சாய்வாகச் சிறு கீறல் இட்டு, அவ்விடத்தை விரற்கடை ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதங்களில் வேர் பிடித்துவிடும். அதன்பின் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து, மண்ணோடு பெயர்த்து எடுத்து வரலாம். பிச்சிக்கும் முல்லைக்கும் இவ்வளவு பாடுகூட இல்லை. சாண் நீளக் குச்சியை ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தாலே போதும்.